வாடகை நின்ற பிறகுதான் தெரிந்தது: டொகிவாதைரா குடியிருப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

டோக்கியோவுக்குக் கிழக்கே, சிபா மாகாணத்தில் மாட்சுடோ என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே டொகிவாதைரா என்ற பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. இந்த நூற்றாண்டு தொடங்கிய சமயத்தில் அந்தக் குடியிருப்பின் ஒரு வீட்டிலிருந்து வாடகை வருவது நின்றது. அதுவரை மாதம் தவறாமல் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கழிந்துகொண்டிருந்த வாடகை அது. கணக்கில் பணம் தீர்ந்துபோனதும் விசாரிக்க வந்தவர்கள் கதவைத் திறந்தார்கள். உள்ளே எலும்புக்கூடுதான் இருந்தது. தனியாகக் குடியிருந்த அந்த மனிதர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த மூன்று ஆண்டும் வாடகை, மின்சாரம், எரிவாயு எதிலும் ஒரு பாக்கி கிடையாது. சில அடி தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுக்காரர்கள் வழக்கம்போல வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

முதியவர்கள் பழகிய வீட்டிலேயே கடைசிவரை இருக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தால், பேச்சு பெரும்பாலும் குளியலறைக் கைப்பிடி, வழுக்காத தரை, மருந்து வேளை, வீட்டுக்கு வரும் செவிலியர் என்றுதான் போகும். எல்லாம் தேவைதான். ஆனால் டொகிவாதைராவில் செத்துப்போனவருக்குக் கைப்பிடி இல்லாததா குறை? ஒருவர் இல்லாமல் போனால் எத்தனை நாளில், யாருக்குத் தெரியவரும் என்ற கேள்விக்கு அந்தக் குடியிருப்பில் பதில் இல்லை. அதன் பிறகு அங்கிருந்தவர்கள் அந்தக் கேள்வியை நேராகவே கையில் எடுத்தார்கள் என்பதால்தான் இந்த இடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

இளம் குடும்பங்களுக்காகக் கட்டியது

போருக்குப் பிந்தைய வீட்டுப் பற்றாக்குறையைச் சமாளிக்க ஜப்பான் அரசு 1955-இல் வீட்டுவசதிக் கழகம் ஒன்றைத் தொடங்கியது. அது நாடெங்கும் கட்டிய குடியிருப்புகளை 'டான்ச்சி' என்பார்கள். டொகிவாதைராவில் 1960-இல் ஆட்கள் குடியேறத் தொடங்கினார்கள். சுமார் 170 கட்டடங்கள், 4,800 வீடுகள். சமையலறையோடு சேர்ந்த சாப்பாட்டு இடம், தனிக் குளியலறை எல்லாம் அந்தக் காலத்தில் பெரிய விஷயம். குலுக்கலில் பெயர் வந்தால்தான் வீடு கிடைக்கும். பெயர் வந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே வயதினர், சின்னக் குழந்தைகளோடு இருந்த சம்பளக்காரக் குடும்பங்கள்.

ஒரே வயதில் குடியேறியவர்கள் ஒரே சமயத்தில் கிழவர்களாகவும் ஆவார்கள். இது யாருக்கும் தெரியாத கணக்கல்ல, ஆனால் கட்டியவர்கள் யோசிக்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்து வெளியேறினார்கள். பெற்றோர் அங்கேயே தங்கினார்கள்.

கட்டட அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்த வகைக் கட்டடங்களில் நீளமான பொது நடைவழி இருக்காது. தரையிலிருந்து நேராக ஒரு படிக்கட்டு ஏறும். ஒவ்வொரு மாடியிலும் படிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கதவு, அவ்வளவுதான். லிஃப்ட் கிடையாது. ஒரு படிக்கட்டைப் பயன்படுத்துகிற எட்டுப் பத்து வீட்டுக்காரர்கள் மட்டுமே ஒருவரை ஒருவர் தற்செயலாகப் பார்த்துக்கொள்ள முடியும். பக்கத்துப் படிக்கட்டுக்காரர் சுவரை ஒட்டியே இருந்தாலும் அவரைப் பார்க்கக் கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டும். குழந்தைகள் இருந்த காலத்தில் இது யாருக்கும் உறைக்கவில்லை. அவர்கள் கீழே விளையாடினார்கள், அம்மாக்கள் கீழே நின்று பேசினார்கள், பள்ளிக்கூடம் எல்லோரையும் கோர்த்து வைத்தது. முழங்கால் வலியோடு நான்காவது மாடியில் இருக்கும் ஒருவருக்கோ, இறங்குவது என்பதே ஒரு நாள் வேலை. இறங்காத ஆளை யார் பார்ப்பார்கள்?

ஆண்கள் கதை தனி. அவர்கள் காலையில் டோக்கியோவுக்கு ரயிலேறி இரவில் திரும்பியவர்கள். நண்பர்கள் அத்தனை பேரும் அலுவலகத்தில். குடியிருப்பில் அவர்களுக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம் மனைவி வழியாகத் தெரிந்தவை. ஓய்வு பெற்றதும் ஒரு பாதி அறுந்தது, மனைவி போனதும் மறு பாதியும் அறுந்தது. தனிமையில் இறந்து தாமதமாகக் கண்டெடுக்கப்படுகிறவர்களில் ஆண்கள் அதிகம் என்பதற்கு இதைவிடப் பெரிய மர்மம் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு ஓட்டமும் சேர்ந்துகொண்டது. குடியிருப்பைக் கட்டிய வீட்டுவசதிக் கழகத்தின் இன்றைய வாரிசு நிறுவனம் வீடு கொடுக்கும்போது ஜாமீன்தாரர் கேட்பதில்லை. தனியார் வீட்டு உரிமையாளர்கள் தனியாக வரும் முதியவருக்கு வீடு தரத் தயங்குவார்கள். ஆகவே விவாகரத்தானவர், வேலை போனவர், சொந்தபந்தம் விட்டுப்போனவர் என்று நடுவயதில் தனித்துப்போனவர்களும் இங்கே வந்தார்கள். இவர்களுக்கு அந்தப் பழைய பள்ளிக்கூட நட்புகூடக் கிடையாது.

இரண்டாவது மரணம்

முதல் சாவு அதிர்ச்சி. ஆனால் குடியிருப்பின் போக்கைத் திருப்பியது அதற்கடுத்து வந்த சாவு என்பேன். இறந்தவர் ஐம்பதுகளில் இருந்த ஒருவர். கண்டுபிடிக்கச் சில மாதங்கள் ஆயின. முதியவர் பட்டியல் எதிலும் அவர் பெயர் இருக்க வாய்ப்பே இல்லை. 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு அடிப்படையில் 65 வயதைக் கடந்தவர்களுக்கானது. நகராட்சியின் கண்ணும் அந்த வயதுக்கு மேல்தான் போகும். முதியோர் பிரச்சினை என்று நினைத்ததன் வேர் அதற்கு 10, 15 ஆண்டுகள் முன்பே ஓடிக்கொண்டிருந்தது.

குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் நாகாசாவா தகுமியும் கூட இருந்தவர்களும் இறந்தவர்களின் வாழ்க்கையை விசாரித்தபோது திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான 'இல்லை'கள் வந்தன. துணை இல்லை, நண்பர் இல்லை, உறவினரோடு தொடர்பு இல்லை, சமைப்பதில்லை, யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை, குடியிருப்பின் எந்தக் காரியத்திலும் கலந்துகொள்வதில்லை. அதில் சிலவற்றை வெளியிலிருந்தே பார்க்க முடியும் என்பதுதான் பயனுள்ள செய்தி. குப்பை வெளியே வருகிறதா, படிக்கட்டில் பார்த்தால் தலையாட்டுகிறாரா என்று கவனிக்க மருத்துவர் தேவையில்லை.

என்ன செய்தார்கள்

முதலில் செய்தது வெளிப்படையாகப் பேசியது. இப்படி ஒரு சாவு நடந்தால் எல்லா ஊரிலும் மூடி மறைக்கத்தான் பார்ப்பார்கள். குடியிருப்பின் பெயர் கெடும், வீடு வாடகைக்குப் போகாது, செத்தவருக்கும் அவமானம். டொகிவாதைரா சங்கம் அதை மேடை போட்டுப் பேசியது, பத்திரிகைக்காரர்களை உள்ளே விட்டது, 'தனிமை மரணத்தைப் பூஜ்யமாக்குவோம்' என்று இயக்கமே தொடங்கியது. நாடு முழுக்கத் தனிமை மரணக் குடியிருப்பு என்ற பெயர் வந்தது. அந்த விலையைத் தெரிந்தே கொடுத்தார்கள். அது இல்லாமல் அடுத்து வந்த எதுவும் நடந்திருக்காது, ஏனென்றால் பெயர் சொல்லத் தயங்கும் பிரச்சினைக்காகப் பக்கத்து வீட்டுக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள்.

அடுத்தது தகவல் போகும் பாதை. சந்தேகம் வந்தவர் கூப்பிட ஒரு தொலைபேசி எண் வைத்தார்கள். செய்தித்தாள் முகவர்களிடம் பேசி, தபால் பெட்டியில் தாள் சேர்ந்துகொண்டே போனால் சொல்லச் சொன்னார்கள். பூட்டுத் திறப்பவர்களோடும் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும். ஆனால் நிஜத்தில் காரியம் நின்றுபோவது அங்கேதான். பக்கத்து வீட்டம்மாவுக்குச் சந்தேகம் வருகிறது. அழைப்பு மணி அடிக்கிறார், பதிலில்லை. அப்புறம்? கதவை உடைக்க அவருக்கு உரிமை இல்லை. ஊருக்குப் போயிருந்தால் என்ன செய்வது என்ற கூச்சம் வேறு. காவல்துறையைக் கூப்பிடலாமா, அலுவலகத்தில் சொல்லலாமா என்று யோசிப்பதிலேயே இரண்டு நாள் போய்விடும். யாரைக் கூப்பிடுவது, யார் முன்னிலையில் யார் திறப்பது என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தால் அந்தத் தயக்கம் மணிக்கணக்கில் சுருங்கும்.

அதற்கு இணையாக ஒரு பதிவு அட்டை. விருப்பமிருந்தால் பூர்த்தி செய்து தரலாம். அவசரத்தில் யாருக்குச் சொல்ல வேண்டும், எந்த மருத்துவமனை, மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது போன்ற விவரங்கள். 2005-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக அமலுக்கு வந்த பிறகு, ஜப்பானில் பல நகராட்சிகள் தனியாக வாழும் முதியவர் பட்டியலைத் தன்னார்வலர்களிடம் தரவே பயந்தன. இங்கோ விவரம் குடியிருப்பவர் கையிலிருந்தே நேராக வந்ததால் அந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை. பட்டியலை மேலிருந்து வாங்குவதைவிட, ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்குவது மெதுவான வேலைதான். ஆனால் அட்டையை வாங்கப் போகும்போதே ஒரு பேச்சு நடந்துவிடுகிறதே.

2007-இல் குடியிருப்பின் கடைத்தெருவில் காலியாகக் கிடந்த ஒரு கடையில் அரட்டை அறை ஒன்றைத் திறந்தார்கள். நுழைவுக்கு 100 யென், காபி எத்தனை முறை வேண்டுமானாலும் குடிக்கலாம். புத்தாண்டு விடுமுறை தவிர ஏறக்குறைய ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். நிகழ்ச்சிநிரல் எதுவும் கிடையாது. மூத்த குடிமக்கள் மையம் என்ற பெயரில் நடக்கும் பல இடங்களில் செவ்வாய்க்கிழமை யோகா, வியாழக்கிழமை பாட்டு என்று அட்டவணை இருக்கும். அதற்கு வருகிறவர்கள் எப்படியும் எங்காவது போகிறவர்களாகத்தான் இருப்பார்கள். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கலாம், பேசாமலும் இருக்கலாம், நாளைக்கும் திறந்திருக்கும் என்ற உறுதிதான் கூச்சப்படும் ஆளை உள்ளே கொண்டுவரும். காசு வாங்குவதும் நல்லதுதான் என்று நினைக்கிறேன். 100 யென் கொடுத்தவர் யாருடைய தயவிலும் உட்கார்ந்திருக்கவில்லை.

இது தவிர, ஏற்பாடு என்று சொல்ல முடியாத சின்ன ஏற்பாடுகளும் அந்தக் குடியிருப்பில் முளைத்தன. ஒரு மூதாட்டி, எதிர்க் கட்டடத்தில் இருந்த ஒருவரிடம், தன் சன்னல் திரையைத் தினமும் பார்க்கச் சொல்லிவைத்தார். காலையில் திரை திறந்தால் உயிரோடு இருக்கிறேன், திறக்காமலே கிடந்தால் ஆளைக் கூப்பிடுங்கள் என்று ஒப்பந்தம். இருவரும் நெருங்கிய தோழிகளாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஒருவர் வாழ்க்கையில் ஒரு சன்னல், மற்றவருக்கு ஒரு பார்வை.

கோபே சொன்ன பாடம்

டொகிவாதைராவுக்கு முன்பே ஜப்பான் இதைக் கண்டிருந்தது. 1995 ஜனவரி 17 அன்று கோபே பகுதியில் நிலநடுக்கம் வந்தது. தற்காலிக வீடுகளை யாருக்கு முதலில் கொடுப்பது என்று வந்தபோது, முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னுரிமை கொடுத்து, குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். நியாயமான, நல்ல எண்ணத்தில் எடுத்த முடிவு. விளைவு என்ன? பல ஆண்டுகள் பழகிய தெருக்காரர்கள் நாலா பக்கமும் சிதறினார்கள். புது இடத்தில் வரிசை முழுக்க ஒருவரையொருவர் தெரியாத, உதவி தேவைப்படுகிறவர்களாகவே இருந்தார்கள். தூக்கிவிடும் கை எந்தக் கதவுக்குப் பின்னாலும் இல்லை. அந்தத் தற்காலிக வீடுகளில் 200-க்கும் மேற்பட்டவர்கள் தனியாகச் செத்தார்கள். அவர்களில் வேலையிழந்து குடியில் விழுந்த நடுவயது ஆண்களும் நிறையப் பேர்.

2004-இல் நீகாட்டா மாகாணத்தில் நிலநடுக்கம் வந்தபோது யமகோஷி கிராமத்தை முழுவதுமாக வெளியேற்ற வேண்டியிருந்தது. இந்த முறை தற்காலிக வீடுகளை ஒதுக்கும்போது ஊர்ப் பகுதி வாரியாக, பழைய அண்டைவீட்டாரைச் சேர்த்தே வைத்தார்கள். ஒன்பது ஆண்டு இடைவெளியில் கற்றுக்கொண்டது அது. அண்டை வீட்டுப் பழக்கம் என்பது வீட்டைப் போலவே இடிந்தால் திரும்பக் கட்டக் காலம் பிடிக்கும் ஒன்று என்று நிர்வாகம் ஒப்புக்கொண்ட இடம் என்று இதைச் சொல்லலாம்.

கெட்டில் சொல்லும், ஏறிவர ஆள் வேண்டும்

சாதனங்களும் வந்தன. 2001-இல் ஜோஜிருஷி நிறுவனம் ஒரு மின்சாரக் கெட்டிலை அறிமுகப்படுத்தியது. தாயோ தகப்பனோ வெந்நீர் ஊற்றினால் அந்தத் தகவல் தொலைவில் இருக்கும் பிள்ளைக்குப் போகும். எரிவாயு மீட்டர், நடமாட்ட உணரி என்று பிறகு பல வந்தன. கெட்டில் யோசனை எனக்குப் பிடிக்கும். கேமரா மாதிரி உறுத்தாது, அவர் எப்படியும் செய்கிற காரியத்தையே பயன்படுத்துகிறது. ஆனால் அதற்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை வேண்டும். பிள்ளை இருந்தாலும் அவர் 500 கிலோமீட்டர் தள்ளி இருப்பார். இன்று அம்மா வெந்நீர் போடவில்லை என்று அவருக்குத் தெரிந்த பிறகு, நான்கு மாடி ஏறிக் கதவைத் தட்ட ஒரு ஆள் அந்தக் குடியிருப்பிலேயே இருந்தாக வேண்டும். அந்த ஆளைக் கடையில் வாங்க முடியாது.

வீடு வீடாகப் போகும் தொழில்கள் இந்த இடத்தில் கை கொடுத்திருக்கின்றன. 1972-இல் ஃபுகுஷிமா மாகாணத்தின் கோரியாமாவில் யாகுல்ட் பானம் விநியோகித்துக்கொண்டிருந்த ஒரு பெண், ஒரு முதியவர் யாருமின்றி இறந்ததைக் கேள்விப்பட்டு மனம் கேட்காமல், தன் வட்டாரத்தில் தனியாக வாழ்ந்தவர்களுக்குத் தன் கைக்காசில் யாகுல்ட் கொடுத்து நலம் விசாரிக்க ஆரம்பித்தார். அது பரவி, பின்னால் பல ஊர்களில் நகராட்சியோடு சேர்ந்த திட்டமாகவே ஆனது. விநியோகிப்பவர் எப்படியும் அந்தத் தெருவுக்கு வருகிறார், கையில் ஒரு காரணத்தோடு வருகிறார். நலம் விசாரிக்க மட்டுமே வருகிறவரைவிட அவருக்குக் கதவு எளிதாகத் திறக்கும்.

டொகிவாதைராவின் முதல் சாவை இந்தக் கோணத்தில் திரும்பப் பார்த்தால், வாடகை வசூலிக்க மாதாமாதம் ஒரு ஆள் வந்திருந்தால் ஒரு மாதத்தில் தெரிந்திருக்கும். தானியங்கிக் கட்டணம் எல்லோருக்கும் வசதி. அதே வசதி, ஒருவர் வாசலுக்கு வந்துபோன கால்களை ஒவ்வொன்றாக நிறுத்தியது. பழைய முறைக்குத் திரும்புங்கள் என்று யாரும் சொல்லப்போவதில்லை. நின்றுபோன கால்களுக்குப் பதிலாக வேறு எதையாவது திட்டமிட்டு வைக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

சேர விரும்பாதவர்கள்

அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் பீக்கன் ஹில் பகுதியில் வேறு வழியைப் பிடித்தார்கள். அங்கே வசித்த சில நண்பர்கள், முதியோர் இல்லத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்க என்ன வழி என்று பேசி, ஆண்டுச் சந்தா கட்டும் உறுப்பினர் அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். 2002-இல் அது செயல்படத் தொடங்கியது. மருத்துவரிடம் போக வண்டி, நம்பகமான பிளம்பர், சேர்ந்து நடக்கப் போகும் குழு என்று ஒரே தொலைபேசி அழைப்பில் கிடைக்கும். நாடெங்கும் நூற்றுக்கணக்கில் அதே மாதிரி அமைப்புகள் பின்னால் வந்தன. அருமையான மாதிரி, சந்தேகமில்லை. ஆனால் சந்தா கட்டி முன்கூட்டியே திட்டமிடுகிற மனிதர், யாரும் கவனிக்காமல் மூன்று ஆண்டு கிடக்கும் ஆபத்தில் அநேகமாக இருக்க மாட்டார். டொகிவாதைரா தொட முயன்றது எந்த அமைப்பிலும் சேராதவர்களை. அதனால்தான் அங்கே வெற்றியும் அரைகுறை.

சங்கத்தின் இயக்கம் தொடங்கிய பிறகும் அங்கே தனிமை மரணங்கள் நிற்கவில்லை. பூஜ்யம் என்ற இலக்கு எட்டப்படவில்லை. ஒரு காலத்தில் குலுக்கலில் வீடு பிடித்த குடியிருப்பு அது, இப்போது தனியாக முதுமையடைகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் கூடுகிறார்கள். ஆகவே எண்ணிக்கையை மட்டும் வைத்து அளப்பது சரியில்லை. செத்தவர் எத்தனை நாளில் கண்டுபிடிக்கப்பட்டார், கடைசி மாதத்தில் எத்தனை பேரோடு பேசினார் என்று அளந்தால்தான் ஏதாவது தெரியும். தனியாக வாழ்ந்தவர் தன் படுக்கையில் தூக்கத்தில் போய், மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் கண்டுகொண்டால், அதில் சோகம் இருக்கலாம், தோல்வி இல்லை.

என்னை விட்டுவிடுங்கள் என்று கதவைச் சாத்துகிறவரை என்ன செய்வது? அவருக்கு அந்த உரிமை உண்டு. டொகிவாதைராவில் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது வணக்கம் சொல்வதைத்தான். பதில் வந்தாலும் வராவிட்டாலும் படிக்கட்டில் பார்த்தால் ஒரு வணக்கம். அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை. கேட்பதற்குக் கொஞ்சம் அசட்டுத்தனமாகக்கூட இருக்கும். ஆனால் இரண்டு மாதம் தினமும் வணக்கம் சொன்ன முகம் மூன்று நாள் கண்ணில் படாவிட்டால் மனசு உறுத்தும். அரட்டை அறைக்கு வராதவருக்கு எட்டக்கூடியது அந்த உறுத்தல் மட்டும்தான்.

யார் பார்ப்பது

ஜப்பான் காவல்துறை 2024-இன் முதல் ஆறு மாதங்களுக்கு வெளியிட்ட கணக்கில், தனியாக வாழ்ந்து வீட்டிலேயே இறந்தவர்கள் 37,227 பேர். அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். 3,939 பேர் ஒரு மாதத்துக்கும் மேலாகிக் கண்டெடுக்கப்பட்டவர்கள். 130 பேர் ஓராண்டாவது கிடந்தவர்கள். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் தனிமை, ஒதுங்கிப்போதல் ஆகியவற்றுக்கு எதிரான தனிச் சட்டமும் அமலுக்கு வந்திருந்தது.

சட்டம் வந்தாலும் படியேறிப் போகிறவர் ஒரு மனிதர்தான். ஜப்பானில் அந்த வேலையின் பெரும்பங்கு 'மின்செய்-இன்' எனப்படும் வட்டார நலப் பொறுப்பாளர்கள் தலையில் இருக்கிறது. 1917-இல் ஒகயாமாவில் முளைத்த யோசனையிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. மூன்று ஆண்டுப் பதவிக்காலம், சம்பளம் கிடையாது. நாடு முழுக்க 2,20,000-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் 60, 70 வயதைக் கடந்தவர்கள். 2022 டிசம்பரில் பதவிகளைப் புதுப்பித்தபோது நிரப்ப ஆள் கிடைக்காத இடங்கள் 15,000-ஐத் தாண்டின. ஓய்வு வயது தள்ளிப்போய்விட்டது. முன்பு 60-இல் ஓய்வு பெற்றுப் பொதுவேலைக்கு வந்திருக்கக்கூடியவர்கள் பலர் இப்போது அதற்குப் பிறகும் சம்பள வேலையில் இருக்கிறார்கள். பார்த்துக்கொண்டவர்களே பார்த்துக்கொள்ள வேண்டிய வயதுக்கு வந்துவிட்டார்கள்.

டொகிவாதைராவுக்கும் இதே கதைதான். இயக்கத்தை நடத்தியவர்களே முதல் தலைமுறைக் குடியிருப்பாளர்கள். இப்படி ஒன்றை வேறெங்காவது தொடங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு: அரட்டை அறைக்கு இடம் தேடுவதற்கு முன்னால், 45-லிருந்து 60 வரை வயதுள்ள, தனியாக வாழும் ஆண்கள் உங்கள் கட்டடத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இன்றைக்கு அவர்களுக்கு உதவி எதுவும் தேவைப்படாது. பூட்டுத் திறப்பவரின் எண்ணை வைத்துக்கொள்ள, பதிவு அட்டைகளை ஆண்டுக்கொருமுறை சரிபார்க்க, எதிர்க் கட்டடச் சன்னலைக் கவனிக்க உங்களுக்கு ஆள் தேவை. அவர்களிடம் அந்த வேலையைக் கொடுங்கள். இன்னும் 20 ஆண்டில் மாற்றுச் சாவியை யாரிடமாவது கொடுத்துவைக்க வேண்டிய நிலை அவர்களுக்கும் வரும். அப்போது கொடுக்க ஒரு ஆள் தெரிந்திருப்பார்.